அப்பா எறியும் பந்து: பேஸ்பால் பற்றிக் கேள்வி பதில்

சிகாகோவின் புறநகர் ஒன்றில் இருபத்து மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மதுரையில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த எனக்கு பேஸ்பாலை அறிமுகப்படுத்தியவன் என் மகன். அவனுக்காகத்தான் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் மைதானத்துக்குப் போனேன். அவன் கல்லூரிக்குப் போன பிறகும் என்னால் விட முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறுவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தேன். அப்பா, மகன், பேஸ்பால் மூன்றையும் சேர்த்து வந்த கேள்விகளுக்கு நான் அறிந்த பதில்கள் இவை.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தந்தை: அமெரிக்கர்கள் பேஸ்பால் என்றாலே அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கூடைப்பந்துக்கு அப்படி இல்லையே. இந்த விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

‘கேட்ச்’ இருக்கிறது. இரண்டு கையுறை, ஒரு பந்து, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை, அவ்வளவுதான் தேவை. நீங்கள் எறிகிறீர்கள், அவன் பிடிக்கிறான். அவன் எறிகிறான், நீங்கள் பிடிக்கிறீர்கள். இதில் வென்றவன் இல்லை, தோற்றவன் இல்லை. கூடைப்பந்தில் அப்பாவும் மகனும் எதிரெதிராக நின்றால் ஒருவர் மற்றவரை முந்த வேண்டும். கேட்சில் என் வேலையே அவன் பிடிக்கிற மாதிரி எறிவதுதான்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்குப் பதினான்கு வயது. ஒரு வாரமாக வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். சாப்பாட்டுக்குப் பிறகு கையுறைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். ஏறத்தாழ நாற்பது அடி தள்ளி நின்று எறிந்துகொண்டிருந்தோம். இருபது, இருபத்தைந்து முறை பந்து போய் வந்திருக்கும். அவன் பந்தை விட்ட அந்தக் கணத்தில், “பள்ளி அணியில் என்னை எடுக்கவில்லை அப்பா” என்றான். பந்து என் கையுறைக்குள் வந்து விழுந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. பந்தைத் திருப்பி எறிந்தேன். அவன் பிடித்தான்; இன்னும் கொஞ்சம் சொன்னான். எறிந்தேன், இன்னும் கொஞ்சம். நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லப் போயிருந்தால் அவன் அத்தோடு வாயை மூடியிருப்பான். கண்ணுக்கும் கைக்கும் வேலை இருந்ததால் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய சங்கடம் இல்லை. வெளிச்சம் போய்ப் பந்து தெரியாமல் போகும்வரை எறிந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை ஏறக்குறைய தினமும் பேச ஏதோ ஒன்று இருக்கும். பிட்சர் (பந்து எறிபவர்) நின்று எறியும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். அந்தத் தூரம் 1893 முதல் மாறவில்லை. தாத்தா பார்த்த அதே ஆட்டத்தைத்தான் பேரனும் பார்க்கிறான். எனவே தாத்தாவின் பேச்சு அவனுக்குப் பழங்கதையாகத் தோன்றுவதில்லை.

டெக்ஸாஸிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஏழு வயது. பேஸ்பால் ஆட வேண்டும் என்கிறான். என் கணவருக்குக் கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாது, அதனால் ஒதுங்கி நிற்கிறார். எப்படித் தொடங்குவது?

தெரியாது என்பதே அவருக்கு நல்ல முதல் படி, சகோதரி. மகனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பையனுக்கு, அப்பாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

அடிப்படைகள் இவை. வலக்கையால் எறிபவர் கையுறையை இடக்கையில் அணிய வேண்டும். கிரிக்கெட் ஆடியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, பழக்கதோஷத்தில் வெறுங்கையை நீட்டிவிடுவது. நானும் முதல் வாரத்திலேயே விரலை வீங்க வைத்துக்கொண்டேன். பந்து இடுப்புக்கு மேலே வந்தால் கையுறையின் விரல்கள் வானத்தைப் பார்க்கட்டும்; கீழே வந்தால் தரையைப் பார்க்கட்டும். பிடித்தவுடன் மற்றக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். பத்து அடி தூரத்தில் தொடங்குங்கள். முதல் சில வாரங்களுக்கு மென்மையான பயிற்சிப் பந்தே போதும். உண்மையான பந்து ஐந்து அவுன்ஸுக்குச் சற்று மேல் எடை கொண்டது, கல் மாதிரி இருக்கும். முகத்தில் ஒரு முறை பட்டுவிட்டால், பந்து வரும்போதெல்லாம் தலையைத் திருப்பும் பழக்கம் வந்துவிடும். அதை மாற்றப் பல மாதங்கள் ஆகும்.

ஏழு வயதுக்கு டீ-பால் அணிகளும் உண்டு. கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். அங்கே உதவிக்கு வரும் அப்பாக்கள் எப்போதும் போதாது. பிள்ளைகளின் ஷூ கயிற்றைக் கட்டிவிட ஆள் வேண்டும் என்று சொல்லி உங்கள் கணவரை அழைத்துப் போங்கள்.

அதே தாய்: புதுக் கையுறை பலகை மாதிரி விறைப்பாக இருக்கிறதே?

அதற்கான எண்ணெயைச் சில துளிகள் துணியில் நனைத்துத் தேய்த்து, நடுக்குழியில் பந்தை வைத்து, கயிற்றால் சுற்றிக் கட்டி, இரவில் மெத்தைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்க அப்பாக்கள் வழிவழியாகச் சொல்லிக்கொடுப்பது இது. அடுப்பில் சூடாக்க வேண்டாம், தோல் வெடித்துவிடும். ஆனால் உண்மையில் கையுறையைப் பழக்குவது எண்ணெய் இல்லை, தினமும் எறியும் ஐம்பது பந்துகள்தான்.

கலிபோர்னியாவிலிருந்து ஒரு தந்தை: மைதானத்துக்கு அழைத்துப் போனால் மகன் இரண்டாவது இன்னிங்ஸிலேயே போனை எடுத்துவிடுகிறான்.

பென்சிலும் ஸ்கோர் அட்டையும் வாங்கிக் கொடுங்கள். பல மைதானங்களில் இன்னும் கிடைக்கும். ஒன்பது ஆட்டக்காரர்களின் இடங்களுக்கும் எண் உண்டு: பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாம் பேஸில் நிற்பவர் 4, இப்படியே போய், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வலப்புற எல்லையில் நிற்பவர் 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி இரண்டாம் பேஸுக்குத் தட்ட, அங்கிருந்து முதல் பேஸுக்குப் பறந்து இருவர் அவுட் ஆனால் அதை 6-4-3 என்று எழுத வேண்டும். மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து ஒரு ஸ்ட்ரைக்) ஒருவர் வெளியேறினால் ‘கே’ என்ற எழுத்து. கடைசி ஸ்ட்ரைக்கில் பேட்டை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்றிருந்தால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு இது ரகசிய மொழி கிடைத்த மாதிரி. அவன் ஒரு இன்னிங்ஸ் எழுதட்டும், நீங்கள் ஒரு இன்னிங்ஸ் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஷூ பெட்டி நிறைய அந்த அட்டைகள் இருக்கின்றன. பாதி என் கையெழுத்து, பாதி அவன் எழுத்து. அவன் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு சீராகிக்கொண்டே வருவதை அதில் பார்க்கலாம்.

2023 முதல் பிட்சர் இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்று கடிகாரம் வைத்துவிட்டதால் ஆட்டமும் முன்பு போல் இழுப்பதில்லை.

ஒஹையோவிலிருந்து ஒரு தந்தை: கண்டிப்பு இல்லாமல் எந்தப் பையனும் முன்னேறுவதில்லை. மிக்கி மேன்டிலின் அப்பா கண்டிப்பாக இருந்ததால்தானே அவர் அவ்வளவு பெரிய வீரர் ஆனார்?

இந்தக் கதையில் எல்லாரும் பாதியை மட்டும் சொல்கிறார்கள். முழுவதும் சொல்கிறேன்.

ஓக்லஹோமாவில் காமர்ஸ் என்ற சிற்றூர். அப்பா மட் மேன்டில் ஈயமும் துத்தநாகமும் வெட்டும் சுரங்கத் தொழிலாளி. பிறந்த மகனுக்கு அவர் வைத்ததே மிக்கி காக்ரேன் என்ற ஆட்டக்காரரின் பெயர். வேலை முடிந்து வந்ததும் அப்பா வலக்கையால் எறிவார், தாத்தா இடக்கையால் எறிவார். பையன் பக்கம் மாறி மாறி நின்று அடிக்க வேண்டும். 1951இல் பத்தொன்பது வயதில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குள் நுழைந்தார். ஆட்டம் சரியாக வராமல் அதே கோடையில் கான்சாஸ் சிட்டியில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். மனம் உடைந்து, விட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா வந்தார். ஆறுதல் சொல்லவில்லை. மகனின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்; வா, என்னோடு சுரங்கத்தில் வேலை செய் என்றார். மகன் அங்கேயே தங்கினார், மீண்டும் யாங்கீஸுக்குத் திரும்பினார், ஆட்ட வாழ்க்கையில் 536 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார்.

இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே 1951 இலையுதிர்காலத்தில், பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் மேன்டிலின் முழங்கால் முறுக்கிக்கொண்டது. மறுநாள் மருத்துவமனை வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கியபோது அப்பாவின் தோளில் சாய்ந்தார். அப்பா அப்படியே தரையில் சரிந்தார். ஹாட்ஜ்கின் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்தபடி இருவரும் மீதி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 1952இல் நாற்பது வயதில் மட் மேன்டில் இறந்தார். மகனோ, தானும் அப்பாவைப் போல இளம் வயதில் போய்விடுவேன் என்ற அச்சத்தைப் பல ஆண்டுகள் சுமந்தார், குடியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டி அடுக்கும் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மகனை அதட்டும் அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கடுஞ்சொல்லை மகன் தாங்கிக்கொண்டதற்குக் காரணம், அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் சுரங்கத் தூசியோடு வந்து அப்பா எறிந்த பந்துகள். நீங்கள் உங்கள் மகனுக்கு இந்த வாரம் எத்தனை மாலை எறிந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் ஐயா. கண்டிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மிச்சிகனிலிருந்து ஒரு தாய்: பன்னிரண்டு வயது மகன் பிட்சர். முழங்கை வலிக்கிறது என்கிறான். அவன் அப்பா, பழகினால் சரியாகிவிடும் என்கிறார்.

உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் பிள்ளைகளின் முழங்கையில் எலும்பு முற்றாத பகுதி உண்டு. திரும்பத் திரும்ப எறிவது அதைக் கிழிக்கும். 11, 12 வயதுக்காரர்கள் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்பது லிட்டில் லீக் விதி. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. இரண்டு அணிகளில் ஆடும் பையனுக்கு இந்தக் கணக்கை வைத்திருக்கக் கூடியவர் அப்பா ஒருவர்தான். ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் அணியின் கணக்கை மட்டுமே பார்ப்பார். இதைச் சொல்லி உங்கள் கணவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள்.

ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றி அவன் பேசினால் மட்டும் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் விளையாட்டையே வெறுக்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கார் பயணத்தில்தான். எங்கள் அணியிலிருந்து விலகிய பையன்களிடம் கேட்டபோது, தோல்வியைவிட அதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள்.

ஒரு கல்லூரி மாணவர்: அப்பாவும் மகனும் ஒரே அணியில் ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார்கள். பெரிய லீக்கில் முதல் முறையாக 1990 ஆகஸ்ட் 31 அன்று, சியாட்டில் மரைனர்ஸ் அணிக்காக: நாற்பது வயது கென் கிரிஃபி, இருபது வயது மகன் கென் கிரிஃபி ஜூனியர். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 14 அன்று அப்பா ஹோம் ரன் அடித்தார். அடுத்து வந்த மகனும் ஹோம் ரன் அடித்தார்.

ஒரே அணியில் ஆடாத இன்னொரு அப்பா-மகன் ஜோடியையும் சொல்ல வேண்டும். செசில் ஃபீல்டர், பிரின்ஸ் ஃபீல்டர். அப்பா 1990இல் 51 ஹோம் ரன், மகன் 2007இல் 50. ஆட்ட வாழ்க்கை முழுவதும் சேர்த்தால் இருவருக்கும் சரியாக 319. ஆனால் இருவரும் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். ஒரே விளையாட்டு, ஒரே திறமை, ஒரே எண்ணிக்கை இருந்தும் மனக்கசப்பு வந்தால் வந்ததுதான்.

இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை: எங்களுக்கு இதில் இடம் இல்லையா?

முழு இடம் உண்டு. லிட்டில் லீக் 1974 முதல் பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கிறது. நான் பயிற்சி கொடுத்ததிலேயே மிகச் சிறந்த ஷார்ட்ஸ்டாப் ஒரு பெண். இன்று மாலையே இருவருக்கும் கையுறை வாங்குங்கள்.

சிகாகோவிலிருந்து ஓர் இளைஞர்: நானும் அப்பாவும் பேசுவதெல்லாம் கப்ஸ் அணியைப் பற்றி மட்டும்தான். வேறு எதுவும் பேசியதில்லை. இதை உறவு என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம், தம்பி. 2016 இலையுதிர்காலத்தில் கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரைப் பார்த்திருப்பாய். 1908க்குப் பிறகு 108 ஆண்டுகள் கழித்து கப்ஸ் உலகத் தொடரை வென்ற நாட்கள் அவை. அந்தச் செங்கல் சுவர் முழுவதும் மக்கள் சாக்பீஸால் எழுதினார்கள். இந்த வெற்றியைப் பார்க்காமல் போய்விட்ட அப்பாக்களின், தாத்தாக்களின் பெயர்கள்தான் அதில் ஏராளம். கை எட்டும் உயரம் நிறைந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எழுதினார்கள். எனக்கு அருகே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தன் அப்பாவின் பெயரை எழுதிவிட்டு, எழுத்து கோணலாகிவிட்டது என்று உள்ளங்கையால் அழித்து மறுபடி எழுதினார். அவரும் அவர் அப்பாவும் வாழ்நாளில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறாய்? பெரும்பாலும் யார் பிட்ச் செய்கிறார், யாருக்கு அடி பட்டது, அவ்வளவுதான் இருக்கும்.

அடுத்த முறை அப்பா தொலைபேசியில் பேசும்போது, அவர் முதன்முதலில் பார்த்த ஆட்டம் எது, யாரோடு போனார் என்று கேள். அதுவும் பேஸ்பால் பேச்சுதான். அவர் தயங்காமல் பதில் சொல்வார்.

பென்சில்வேனியாவிலிருந்து: எழுபதுகளில் இங்கே குடியேறிய என் அப்பா, எனக்காக ஒரு கையுறை வாங்கி என்னோடு ஆடக் கற்றுக்கொண்டார். போன ஆண்டு காலமானார். கையுறை காய்ந்து, தோல் நாடாக்கள் அறுந்து கிடக்கிறது. என் மகனுக்கு ஒன்பது வயது. என்ன செய்யலாம்?

நாடாக்களை மாற்றலாம். பேஸ்பால் கையுறைக்கான தோல் நாடாக்கள் விலைக்குக் கிடைக்கின்றன, புதிதாகக் கோத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஈரத் துணியால் தூசியைத் துடைத்து நிழலில் உலர்த்திவிட்டு, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஒரு முறை தேய்த்து வாருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் தோல் கனத்துத் தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

உள்ளங்கைப் பக்கத் தோலை மட்டும் யார் சொன்னாலும் மாற்ற விடாதீர்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். உங்கள் அப்பாவின் விரல்கள் அழுத்திய பள்ளம் அங்கே இருக்கும்.

பெரியவர்களின் கையுறை ஒன்பது வயதுக் கைக்கு நிற்காது, கழன்று விழும். மகனுக்குப் பத்தரை அல்லது பதினோரு அங்குலத்தில் வேறொன்று வாங்கிக் கொடுங்கள். அப்பாவுடையதை நீங்கள் போட்டுக்கொண்டு எதிரே நில்லுங்கள்.