முன்னால் ஓடுபவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கூடி விளையாடும் ஜாம்பி விளையாட்டுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை வாங்கி ஒரு மாதமாகச் சித்தி மகன்கள் மூவருடன் ஆன்லைனில் விளையாடி வருகிறேன். கல்லூரி நாட்களிலிருந்தே ஷூட்டர் கேம்கள் ஆடுபவன் என்பதால் எனக்குக் குறி தப்புவதில்லை. எங்கள் நால்வரில் அதிகம் சுட்டவன் எப்போதும் நானே. முதலில் சாவதும் நானே. “அண்ணனுக்கு இந்த ஆட்டம் ஆடத் தெரியவில்லை” என்கிறார்கள் தம்பிகள். குறி பார்த்துச் சுடுவதைத் தவிர இதில் தெரிந்துகொள்ள என்னதான் இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் தம்பிகள் சொல்வது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் முன்னால் ஓடுகிறீர்கள். மற்ற ஷூட்டர் கேம்களில் வெற்றி தந்த அந்தப் பழக்கத்தைத் தண்டிப்பதற்கென்றே 2008-இல் வெளிவந்த இந்த விளையாட்டு கட்டப்பட்டிருக்கிறது.

தூரத்திலிருந்தே பாய்ந்து தாக்கும் ஹன்டர் என்ற ஜாம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாய்ந்து உங்களைத் தரையில் அழுத்திவிட்டால், நீங்கள் எவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரராக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தோழர் ஒருவர் வந்து அதைத் தள்ளிவிட வேண்டும், அல்லது சுட வேண்டும். அவர் இரண்டு அறைகள் பின்னால் இருந்தால் நீங்கள் கிழிபட்டுக்கொண்டே அவருடைய காலடிச் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். தனியாளால் விடுவித்துக்கொள்ள முடியாத ஒரு பிடியை வைத்ததன் மூலம், சேர்ந்து நடப்பதை ஒரு நற்பண்பாக அல்லாமல் உயிர்த்தேவையாகவே வடிவமைத்தவர்கள் மாற்றிவிட்டார்கள்.

வழியை மனப்பாடம் செய்துகொண்டு வேகமாகப் போய்விடலாம் என்று நினைக்கிறீர்களோ என்னவோ, அதுவும் நடக்காது. ‘ஏஐ டைரக்டர்’ என்ற நிரல் நால்வரும் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று கணித்துக்கொண்டே இருக்கிறது. ஜாம்பிக் கூட்டத்தை அனுப்பி, பதற்றத்தை உச்சிக்குக் கொண்டுபோய், பிறகு சற்று மூச்சுவிட இடம் தருகிறது. நேற்று மாத்திரை கிடைத்த அலமாரி இன்று காலியாக இருக்கலாம். அந்தச் சிறு அமைதியில் என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆட்டம் தெரிந்தவர் யார் என்பது புலப்படும். தேர்ந்தவர்கள் அப்போது மற்ற மூவரின் உடல்நிலையைப் பார்ப்பார்கள். இரண்டு முறை விழுந்து எழுந்தவருக்குத் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். அடுத்த முறை விழுந்தால் அவருக்கு மரணம்தான். தன் கையிலிருக்கும் ஒரே முதலுதவிப் பையை அவருக்குக் கட்டிவிடுபவரோடுதான் நான் மறுநாளும் ஆட விரும்புவேன்.

விழுந்தவரைத் தூக்கிவிட ஐந்து நொடிகள் ஆகும். ஐந்து நொடிகள்தான், ஆனால் அந்த நேரத்தில் தூக்குபவரால் சுட முடியாது என்பதால் வேறொருவர் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. குறுகிய தாழ்வாரத்தில் முன்னால் இருப்பவர் குனிந்துகொள்வதும், பின்னால் இருப்பவர் அவர் தலைக்கு மேலாகச் சுடுவதும் இப்படிப் பழகி வந்த முறைகளே. ‘எக்ஸ்பர்ட்’ என்ற மிகக் கடினமான நிலையில் நம் குண்டு தோழரைக் கடுமையாகக் காயப்படுத்தும். உங்கள் தம்பிகள் விழுந்ததில் எத்தனை முறை உங்கள் குண்டுக்குப் பங்கிருந்தது என்று ஆட்டம் முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் விசையில் வைத்த விரலைக் கொஞ்சம் எடுக்கப் பழகினேன்.

இந்த விளையாட்டின் ‘நோ மெர்சி’ என்ற கதைப்பகுதியின் கடைசிக் கட்டத்தை நீங்கள் இந்நேரம் பார்த்திருப்பீர்கள்: மருத்துவமனையின் மொட்டை மாடி, வந்து நிற்கும் ஹெலிகாப்டர், பின்னால் டேங்க் என்ற ராட்சத ஜாம்பி. ஒருமுறை இருவர் ஏறிவிட்டார்கள், மூன்றாமவனான என் அக்கா மகன் ஏறும் தறுவாயில் இருந்தான். நான் படிக்கட்டருகில் விழுந்து கிடந்தேன். “நீங்கள் போய்விடுங்கள்” என்று ஹெட்செட்டில் சொன்னேன். அவன் பதிலே சொல்லாமல் திரும்பி ஓடிவந்து, என் அருகில் மண்டியிட்டு, தூக்கத் தொடங்கினான். மூன்றாவது நொடியில் டேங்க் அவனை அடித்துத் தூக்கியெறிந்தது. மற்ற இருவரும் தப்பிப் போனார்கள். முடிவில் ஓடும் எழுத்துகளில், இறந்தவர்களின் நினைவாக என்ற வரியில், அவன் பெயரும் என் பெயரும் இருந்தன. அன்றிரவே நால்வரும் அந்தக் கட்டத்தை மறுபடி தொடங்கினோம். இம்முறை படிக்கட்டருகே ஒருவரையும் தனியாக நிற்க விடவில்லை.

அன்புடன்.