போனில் 40 சதவீதம் மழை: மஞ்சளை வேகவைக்கலாமா?

அந்தியூர் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: “ஒன்றரை ஏக்கர் மஞ்சள் வெட்டியாச்சுங்க. வேகவைக்கிற வண்டி புதன்கிழமை வருதுங்க. அன்னைக்கு விட்டா அடுத்து வர பத்து நாள் ஆகும்ங்கறாங்க. போன்ல பார்த்தா வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் மழை 40 சதவீதம்னு காட்டுது. வேகவைச்சுக் களத்துல கொட்டலாமுங்களா, நிறுத்தி வைக்கட்டுங்களா?”

வேகவையுங்கள். தார்ப்பாய் மட்டும் கைவசம் இருக்கட்டும்.

அந்த 40-ஐப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். நாளில் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்றோ, மழை பலமாக இருக்கும் என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. இதே மாதிரி வானிலை உள்ள பத்து நாட்களை எடுத்துக்கொண்டால், உங்கள் இடத்தில் நான்கு நாள் மழை விழலாம், ஆறு நாள் விழாது. அவ்வளவுதான். தூறல் விழுந்தாலும் அந்த நான்கில் ஒன்றாகக் கணக்காகிவிடும். அதனால் சதவீதத்தோடு நிற்காமல், பக்கத்தில் எத்தனை மி.மீ. என்று போட்டிருப்பதையும் பாருங்கள். 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டர் களத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். மார்ச் வெயிலில் அது காய அதிக நேரம் ஆகாது. 10 மி.மீ. என்று காட்டினால் கதை வேறு.

வானிலை ஆய்வு மைய அறிக்கையிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. “ஓரிரு இடங்களில் மழை” என்றால், அந்தப் பகுதியில் மழைமானி இருக்கும் இடங்களில் கால்வாசிக்குள்தான் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்யும் என்று பொருள். “ஒருசில இடங்களில்” என்றால் பாதி வரை போகலாம். “அநேக இடங்களில்” என்று வந்தால்தான் நான் களத்தைக் கூட்டி மூடச் சொல்வேன்.

மாசிக் கடைசியில் கொங்கு நாட்டில் பொதுவாக வறண்ட காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது, இப்போது கிழக்கிலிருந்து வீசும் கீழ்காற்று. ஈரோடும் கரூர் பரமத்தியும் மாநில வெப்பப் பட்டியலில் மேலே ஏறத் தொடங்கும் பருவம் இது. இந்தக் காய்ச்சலுக்கு நடுவே மழை எங்கிருந்து வருகிறது? வங்கக் கடலிலிருந்து கீழ்காற்று சில நாட்கள் ஈரத்தைக் கொண்டுவரும். தரை சூடேறி அந்த ஈரக்காற்றை மேலே தள்ளும். மலை இருந்தால் இன்னும் சுலபமாக ஏறும். உங்களுக்கு வடமேற்கே பர்கூர் மலை, அந்தப் பக்கம் தாளவாடி, சத்தியமங்கலம். கோடை மழை முதலில் தலைகாட்டுவது அங்கேதான். ஈரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே பர்கூரில் இடி இடிக்கும். கோபிப் பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழையைவிட அதோடு வரும் சூறைக்காற்றுக்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள்.

இந்த மழைக்கு நேரம் உண்டு. பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தொடங்கி, இரவு எட்டு ஒன்பதுக்குள் முடிந்துவிடும். ஐப்பசி அடைமழை மாதிரி நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளாது. போனில் மணிவாரியாகத் திறந்து பாருங்கள், 40 எந்த மணிக்கு எதிரே இருக்கிறது என்று தெரியும். சாயங்காலத்துக்கு எதிரே இருந்தால், காலை எட்டிலிருந்து இரண்டு மணி வரை வெயில் உங்களுடையது.

இனி வானத்தைப் பாருங்கள். விடிகாலையே கசகசவென்று புழுக்கமாக இருந்து, பதினோரு மணிக்கே மலைமேல் காலிபிளவர் மாதிரி வெள்ளை மேகம் குமிந்து மேலே வளர்ந்தால் அன்று உஷார். மதியம் வரை வானம் வெறிச்சென்று இருந்தாலோ, மேகம் தட்டையாகவே கிடந்தாலோ கவலை வேண்டாம். மேகதூத் செயலியில் உங்கள் மாவட்ட முன்னறிவிப்பு தமிழில் கிடைக்கும். விவசாயிகளுக்கான வானிலை அறிவுரை செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும். செவ்வாய் அறிவுரையைப் பார்த்துவிட்டு வண்டிக்காரருக்கு உறுதி சொல்லலாம். இடி மின்னலுக்கு தாமினி செயலி இருக்கிறது. களத்தில் வேலை செய்யும் ஆட்களுக்காகவாவது அதைப் போட்டு வையுங்கள்.

நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? வெட்டிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைப்பதுதான் நல்லது. பத்து நாள் குவியலில் கிடந்தால் வெளியே சுருங்கும், நடுவே சூடேறி அழுகல் தொடங்கும். மழை வரலாம் என்ற சந்தேகத்துக்காக அந்த நிச்சய நஷ்டத்தை ஏற்க வேண்டியதில்லை.

களத்தில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். காய்ந்து முடிய பத்திலிருந்து பதினைந்து நாள் ஆகும். விரலி மஞ்சளை ஒடித்தால் ‘டக்’கென்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும், அதுவரை பொறுமை. மழையே வராவிட்டாலும் இரவில் மூடித்தான் ஆக வேண்டும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பகலில் காய்ந்த மஞ்சள் பனியில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். சாயங்காலம் குவித்து மூடி, காலையில் வெயில் ஏறியதும் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். பத்து மணி வரை மூடியே விட்டால் உள்ளே வியர்த்து நிறம் மங்கும், பூஞ்சணமும் வரும். மழைக்கு மூடும்போது இன்னொன்று: தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது, களத்தில் ஓடி குவியலுக்கு அடியிலும் புகும். அதனால் களத்தின் மேட்டுப் பக்கமாகக் குவியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வேகவைக்க வேண்டுமா? களம் சின்னது, தார்ப்பாய் ஒன்றுதான் என்றால், மூட முடிகிற அளவுக்கு மட்டும் வேகவைத்துவிட்டு மீதியை, இரண்டு மூன்று நாளுக்குள் பக்கத்துத் தோட்டத்துக்கு வண்டி வருவதாக இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரரிடம் இதை முன்னாடியே பேசிவிடுவது நல்லது. அப்புறம், செவ்வாய்க்கிழமை மதியம் தார்ப்பாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒட்டிவிடுங்கள்.