சென்னையில் குடிநீருக்கான பணத்தை மாநகராட்சி மன்றம் எப்படி முடிவு செய்கிறது?

கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். தெருவில் உள்ள பழைய குழாயை மாற்றித் தரும்படி வார்டு கவுன்சிலரிடம் முறையிட்டிருக்கிறார். "அது மெட்ரோ வாட்டர் வேலை, எங்கள் பட்ஜெட்டில் வராது" என்று பதில் கிடைத்திருக்கிறது. கவுன்சிலர் தட்டிக்கழிக்கிறாரா, உள்ளதைச் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி.

உள்ளதைத்தான் சொல்கிறார். ஆனால் வசதியான பாதியை மட்டும் சொல்கிறார். நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். சென்னைக்கு வெளியே ஒரு நகராட்சி அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மன்றம் தண்ணீருக்குப் பணம் ஒதுக்கும் ஊரையும், ஒதுக்க முடியாத ஊரையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெளியூர் நகராட்சிக் கதை. தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் கணக்கு மூன்று நிதிகளாகப் பிரிந்திருக்கும்: வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. குடிநீர்க் கட்டணமும் இணைப்புக்கான டெபாசிட்டும் இரண்டாவது நிதியில் வரவாகும். மோட்டார் ஓடும் மின்கட்டணம், குழாய் உடைப்பு, குளோரின், கடன் தவணை எல்லாம் அதிலிருந்தே போகும். புதிய திட்டம் என்றால் செலவை மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி என்று மூன்று பங்காகப் போடுவார்கள். 2021இல் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டமான அம்ரூத் 2.0இல், ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊருக்கு மத்திய அரசு பாதியைத் தருகிறது. ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. பத்து லட்சத்துக்கு மேல் நான்கில் ஒரு பங்கு. நகராட்சியின் பங்கைக் கடனாகவோ, பொதுமக்கள் டெபாசிட்டாகவோ புரட்ட வேண்டும்.

இதற்கு மன்றத்தில் தீர்மானம் வேண்டும். கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்குப் போகும் பொருள் குறிப்பில் (அஜெண்டாவில்) திட்ட மதிப்பீடு, அரசாணை எண், கடன் தொகை, உயர்த்தப்போகும் கட்டணம் ஆகியவை நெருக்கியடித்து அச்சாகியிருக்கும். கடைசி வரி எப்போதும் ஒரே மாதிரி: "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது." பார்வைக்கு என்பது சரி. முடிவு பெரும்பாலும் அரசாணையிலேயே ஆகியிருக்கும். ஆனாலும் கட்டணத்தை உயர்த்தும் பொருள் வரும் நாளில் எந்தக் கட்சிக்காரரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். சத்தம் போடுவார், வெளிநடப்பு செய்வார், சில சமயம் பொருளை ஒத்திவைக்க வைப்பார். ஊர்க்காரனுக்கு அந்தச் சத்தம்தான் தகவல். தண்ணீருக்கு எவ்வளவு செலவாகிறது, யார் தலையில் விழுகிறது என்று மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

சென்னையில் அந்தச் சத்தத்துக்கே இடமில்லை. மாநகராட்சி பட்ஜெட்டைப் புரட்டிப் பாருங்கள். சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா, பள்ளி, குப்பை எல்லாம் இருக்கும். குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் இருக்காது. அவை மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியத்துக்கு உரியவை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது அது. அதன் தலைவர் மேயர் அல்ல, துறை அமைச்சர். தலைமையகம் மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையில் அல்ல, சிந்தாதிரிப்பேட்டையில்.

அதற்கு முன்பு தண்ணீர் மாநகராட்சியின் பொறுப்பில்தான் இருந்தது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் மாநகராட்சி காலத்தில் வந்தது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி பெயர் வைத்திருப்பதும் காரணத்தோடுதான். அவர் 1939–40இல் மேயராக இருந்தபோது, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தத் திட்டத்துக்காக அரசிடம் போராடி ஒப்புதல் வாங்கினார். சுமார் 65 லட்சம் ரூபாய் செலவில் 1944இல் அது முடிந்தது. முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1943இலேயே காலமாகிவிட்டார். ஒரு மேயர் இந்த நகரத்துத் தண்ணீருக்காக வாதாடி அணை கட்ட வைத்தார் என்றால் இன்றைக்கு யாருக்கும் நம்பிக்கை வராது.

அப்படியானால் 1978இல் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும்போது மன்றம் எதிர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எதிர்ப்பதற்கு மன்றமே இல்லை. 1973இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. இடையில் எல்லாம் அதிகாரிகள் ஆட்சி. தனி வாரியம் வேண்டும் என்பதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. நகர எல்லைக்கு வெளியே உள்ள ஏரிகளையும் கிணறுகளையும் நிர்வகிக்க வேண்டும், பெரிய கடன்களைத் தனிக் கணக்கில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட எழுந்து பேச வாய்ப்பில்லாத காலத்தில் அது நடந்தது என்பதும் உண்மை. பிறகு 1992இல் வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் குடிநீரையும் சேர்த்தது. சென்னையில் பட்டியல் பட்டியலாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோதும் மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவர முடிவெடுத்ததும் பணம் ஒதுக்கியதும் மாநில அரசுதான்.

இனி, வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற விஷயம். கவுன்சிலர் சொல்லாத மறுபாதி இங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இரண்டு ரசீதுகள் இருக்கும். ஒன்று மாநகராட்சிச் சொத்து வரி, மற்றொன்று வாரியத்தின் வரி. எங்கள் தெருவில் ஒரு அக்கா ஒவ்வொரு அரையாண்டும் "இரண்டு பேருக்கும் ஏன் தம்பி கட்ட வேண்டும்?" என்று கேட்பார். இரண்டு பேரும் ஒரே எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், அதன் பெயர் ஆண்டு மதிப்பு என்று சொல்வேன். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று மாநகராட்சி போடும் மதிப்பு அது. வாரியம் தன்னுடைய குடிநீர், கழிவுநீர் வரியாக அதில் ஆண்டுக்கு 7 சதவீதம் வாங்குகிறது. ஆண்டு மதிப்பு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரிய வரி 1,400 ரூபாய், அரையாண்டுக்கு 700. சதவீதம் வாரியத்துடையது, அந்த 20,000 மாநகராட்சியுடையது. ஆகவே ரிப்பன் மாளிகையில் சொத்து வரித் தீர்மானத்துக்குக் கை தூக்கும் கவுன்சிலர், சிந்தாதிரிப்பேட்டைக்குப் போகும் பணத்தின் அடித்தளத்துக்கும் சேர்த்தே கை தூக்குகிறார். 2022இல் பழைய நகரப் பகுதியில் வீட்டின் பரப்பளவைப் பொறுத்து சொத்து வரி 50 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. அந்த உயர்வுக்கும் தூண்டுதல் மேலிருந்துதான் வந்தது. 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையைக் காட்டி மாநில அரசு அறிவித்தது, மன்றம் பின்னால் வந்தது. எப்படியிருந்தாலும் "எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்பது பொருந்தாது.

வரிக்கு மேல் மாதக் கட்டணம். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. ஒரு குடம் பிடித்தாலும் சம்ப் நிறையப் பிடித்தாலும் ஒரே தொகை. சில ஆண்டுகளாக ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றியும் அது நூறு ரூபாயை ஒட்டித்தான் நிற்கிறது.

இதன் பக்கத்தில் நம்முடைய வடசென்னைத் தண்ணீரின் விலையை வைத்துப் பாருங்கள். காட்டுப்பள்ளியில் இருக்கும் கடல்நீர்க் குடிநீர் ஆலையை எல்லோரும் மீஞ்சூர் ஆலை என்பார்கள். 2010இல் திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். தனியார் நிறுவனம் கட்டி இயக்க, வாரியம் 25 ஆண்டுகளுக்குத் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஒப்பந்தம். தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. ஆலை முழுத் திறனில் ஓடினால் ஒரு நாள் பில் மட்டும் 48 லட்சத்துக்கு மேல். ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு 100 லிட்டர் என்று பிடித்தாலும் மாதத்துக்கு 15,000 லிட்டர். அதைக் கடல்நீர் ஆலையின் அந்தப் பழைய விலையில் கணக்கிட்டாலே 730 ரூபாய் வருகிறது. நாம் கட்டுவது நூற்றுச் சொச்சம். மிச்சத்தை யாரோ கொடுக்கிறார்கள் அல்லவா? மாநில அரசு மானியமாகக் கொடுக்கிறது, ஏரி நிறைந்த ஆண்டுகளின் மலிவான தண்ணீர் ஈடுகட்டுகிறது, கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் போட்ட அதிக விலை கொஞ்சம் தாங்குகிறது. இந்தக் கடைசி விஷயத்தில் நம் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. கொடுங்கையூரில் 2019இல் திறந்த ஆலை, கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. கொடுங்கையூர் என்றால் குப்பைமேடு மட்டும்தான் நினைவுக்கு வரும் மயிலாப்பூர் நண்பர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பெரிய முதலீடு எதுவும் வரியிலோ கட்டணத்திலோ நடப்பதில்லை. தெற்கே பேரூரில் கட்டும், நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் ஆலை 4,276 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பானியக் கடன். நெம்மேலியில் 2024இல் திறந்த இரண்டாவது ஆலைக்கு ஜெர்மானிய வங்கிக் கடன். இந்த மாதிரிக் கடன்களுக்குத் திட்ட அறிக்கை தயாராகும்போதே எந்தப் பகுதிக்கு எந்தக் குழாய் என்பது முடிவாகிவிடுகிறது. அந்த அறிக்கையை மன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு இருக்கும் உண்மையான மனக்குறை இதுதான். கட்டணம் குறைவா கூடுதலா என்பது பற்றி அல்ல. எங்கள் திருவொற்றியூர்க் காலடிப்பேட்டைக்கு முன்னால் வேறொரு பகுதி ஏன் வந்தது என்று கேட்டுப் பதில் வாங்க ஒரு பொதுக்கூடம் இல்லை என்பது பற்றி.

ஒப்பிட்டுப் பார்க்க மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாநகராட்சியின் வேலை. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் வடசென்னை முழுக்கத் தோண்டினார்களே, அது ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாய்க்குத் தொடங்கிய வேலை. மாநகராட்சியின் பங்குக்காக 2025இல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமும் வெளியிட்டார்கள். அங்கே கடன் என்றால் மன்றத்துக்கு வருகிறது, கவுன்சிலர்கள் தங்கள் தெரு விட்டுப்போயிற்று என்று கத்துகிறார்கள், பத்திரிகையில் வருகிறது. ஒரே தெருவில் இரண்டடி தள்ளிப் புதைந்திருக்கும் குடிநீர்க் குழாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

சரி, உங்கள் குழாய்க்கு என்ன வழி? சிறிய வேலை, அதாவது ஒரு தெருவின் பழைய வார்ப்பிரும்புக் குழாயை மாற்றுவது, வாரியத்தின் சொந்த வருவாயிலேயே நடக்கக்கூடியது. அது உங்கள் வார்டில் உள்ள வாரிய அலுவலகமான டெப்போவில் தொடங்கும். டெப்போ பொறியாளர் மதிப்பீடு தயாரித்து ஏரியா அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை ஏரியா அலுவலகத்தில் குறைதீர்க் கூட்டம் உண்டு. அங்கே "தண்ணீர் சரியாக வரவில்லை" என்று மனு கொடுத்தால் ஒரு லாரி அனுப்பி மனுவை முடித்துவிடுவார்கள். "இந்தத் தெருக் குழாயை மாற்ற மதிப்பீடு தயாராகிவிட்டதா, எந்தத் தேதியில் மேலே அனுப்பப்பட்டது?" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். தண்ணீர் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் தேதியோடு குறித்து அதையும் மனுவில் சேருங்கள். மாசு என்ற சொல் கோப்பில் ஏறிவிட்டால் அதை மூடி வைப்பது அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

கவுன்சிலரை விட்டுவிடாதீர்கள். அவர் கையில் இருப்பது சாலை. வாரியம் குழாய் பதிக்கத் தெருவை வெட்ட வேண்டுமானால் மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, சாலையைச் சீரமைக்கும் கட்டணமும் கட்ட வேண்டும். புதிதாகப் போட்ட சாலையை வெட்ட அனுமதி கிடைப்பது அரிது. எனவே உங்கள் தெருவுக்குப் புதிய சாலை போடும் வேலை பட்டியலில் இருக்கிறதா என்று அவரிடம் முதலில் விசாரியுங்கள். இருந்தால், குழாய் மாற்றும் வரை சாலை வேலையை நிறுத்திவைக்கும்படி மண்டலக் குழுவில் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். இதற்கு வாரியத்தின் தயவு தேவையில்லை, அவருடைய கையெழுத்து போதும்.