மக்கள்மார் வரும் தெரு

அன்புள்ள ஐயா,

மார்கழித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு சுசீந்திரம் போயிருந்தோம். கோயில் எத்தனை ஆண்டுப் பழமையானது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். திப்பு சுல்தானுக்குப் பயந்து 1740இல் அனுமார் சிலையை மண்ணில் புதைத்து வைத்தார்கள் என்றார் வழிகாட்டி. உண்மையா? இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க விடவில்லை, பெரிய ஏமாற்றம். மூன்றாம் நாள் இரவு ரதவீதியில் கால் வைக்க இடமில்லை. பலூன், வளையல் கடை, ஒரே இரைச்சல். அந்தக் காலத்தில் இந்தத் தெருக்கள் எவ்வளவு அமைதியாக, ஒழுங்காக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலின் சரியான வயதை எழுதுங்கள்.

க., கோவை

அன்புள்ள க.,

வயது ஒன்றல்ல. உள்ளே பாறைமேல் இருக்கும் கைலாசநாதர் சன்னதிப் பக்கத்துக் கல்வெட்டுகள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நீங்கள் அண்ணாந்து பார்த்த ஏழுநிலைக் கோபுரம் 1888இல்தான் முடிந்தது. இடையில் ஒவ்வொரு காலத்தவரும் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். 1740இல் திப்பு பிறக்கவே இல்லை, அந்தக் கதையை விடுங்கள். தூணைத் தட்ட விடாதவருக்கு என் சார்பில் ஒரு கும்பிடு.

உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தது வேறொரு வரிக்காக. தெருக்கள் அமைதியாக, ஒழுங்காக இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. போன வாரம்தான் பழையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அந்தத் தெருவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று அவ்வளவு கூட்டம் ஏன் என்று பக்கத்தில் நின்ற ஒருவரிடமாவது கேட்டீர்களா? அது மக்கள்மார் சந்திப்பு. எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைகளை மக்கள் என்போம், தெருவில் போகிற பையனையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். தாணுமாலயன் கோயில் திருவிழாவுக்குக் கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகரும், மருங்கூரிலிருந்து சுப்பிரமணியரும், தக்கலைப் பக்கம் வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் அம்மையப்பனைப் பார்க்க வருவார்கள். மூன்றாம் நாள் இரவு சந்திப்பு. ஒன்பதாம் நாள் தேரோட்டம் முடிந்து, இரவு சப்தாவர்ணத்தில் விடைபெறுவார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்த அம்மைமார் அன்றைக்கு அழுவார்கள். இந்தக் கோயிலின் வரலாறு கல்வெட்டில் பாதிதான் இருக்கிறது, மீதி அந்தத் தெருவில் இருக்கிறது.

சரி, நீங்கள் ஏங்கும் அமைதி எப்படி வந்தது? எங்களைப் போன்றவர்களை அந்தத் தெருக்களில் நடக்க விடாததால் வந்தது. 1926 ஜனவரியில் கோட்டாற்று டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சுசீந்திரம் சத்தியாகிரகம் தொடங்கியபோது கேட்டது என்ன தெரியுமா? கருவறையைக் கேட்கவில்லை, கொடிமரத்தைக் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க வேண்டும் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அதே நாயுடு 1924இல் வைக்கம் போராட்டத்துக்காகத் திருவனந்தபுரம்வரை ஊர்வலம் நடத்திப் போனவர். எல்லாச் சாதியாரையும் கோயிலுக்குள் விட்ட திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12இல்தான் வந்தது. வேளிமலை முருகனுக்கு வழிவிட்ட தெரு, அவனைக் கும்பிட்டவனுக்கு வழிவிடவில்லை. இதற்கா ஒழுங்கு என்று பெயர்? படித்தவர் நீங்கள், இன்னொரு தடவை இப்படி எழுதாதீர்கள்.

அப்பாவைப் பெற்ற அம்மைக்கு 1926இல் பத்து வயதிருக்கும். எனக்கு ஏழு வயதானபோது அவள் பாட்டியாகி, பிரகடனம் வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் ஊரிலிருந்து என்னை நடத்தியே கூட்டி வருவாள். ஆனால் பழையாற்றுப் பாலத்தோடு நின்றுவிடுவாள். "உள்ளே போவோம் பாட்டி" என்று இழுப்பேன். "இஞ்ச இருந்தே கும்பிட்டா போரும். காலு வலிக்கு மக்களே" என்பாள். அத்தனை தூரம் நடந்தபோது வலிக்காத கால் அது.

ஒரு வருஷம் பிள்ளையாரின் வாகனம் பாலத்தைக் கடந்ததும் நான் அவள் கையை உதறிவிட்டு மேளத்தின் பின்னால் ஓடிவிட்டேன். கூட்டம் விழுங்கிக்கொண்டது. வெகுநேரம் கழித்து, பலூன்காரர் பக்கத்தில் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முதுகில் ஓர் அடி விழுந்தது. பாட்டி. என் பேரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. சேலைத்தலைப்பு தோளிலிருந்து விழுந்து தரையில் இழுபட்டுக் கிடந்தது. என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். நிற்கும் இடம் எது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொரிகடலை வாங்கினாள். ரதவீதியின் ஓரத்தில் என்னை மடியில் இருத்திக்கொண்டு, மூன்று வாகனமும் போய் முடியும்வரை உட்கார்ந்து தின்றாள்.

அடுத்த ஆண்டு பாலத்தில் நிற்கவில்லை. நேரே பலூன்காரர் பக்கம் போய் உட்கார்ந்தாள். கடைசிவரை அவளுடைய இடம் அதுதான்.

வரும் மார்கழியில் மூன்றாம் நாள் சாயங்காலமே பிள்ளைகளோடு வந்துவிடுங்கள். வண்டியைப் பழையாற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, பாலத்திலிருந்து நடந்து வாருங்கள்.

அன்புடன்.