மாநிறத்துக்கு எந்த முத்து எடுப்பாக இருக்கும்?

கேள்வி: மகள் கல்யாண வரவேற்புக்கு இளஞ்சிவப்புச் சாயல் உள்ள வெள்ளை முத்துமாலை வாங்கினேன். கடையில் ஜொலித்தது, வீட்டில் போட்டுப் பார்த்தால் முகமே சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. நான் மாநிறம். வரவேற்புக்கு அரக்குப் பட்டு கட்டப்போகிறேன். கடையில் மாற்றித் தருகிறார்கள். எந்த நிறம் எடுக்கலாம்?

பதில்: மாலையில் குறை இருக்காது அம்மா, சாயல்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை. முத்துக்கு நிறம் இரண்டு. வெள்ளை, க்ரீம், பொன், சாம்பல் என்று நாம் சொல்வது அடிநிறம். அதன்மேல் மெல்லிய படலம்போல ஓடும் இளஞ்சிவப்பு, வெள்ளி, பச்சை எல்லாம் மேற்சாயல். கழுத்தில் போட்டதும் முகத்தை மாற்றிக் காட்டுவது பெரும்பாலும் இந்த மேற்சாயல்தான்.

கடையின் மஞ்சள் விளக்கிலும் கருநீல வெல்வெட்டிலும் எந்த முத்தின் உண்மை நிறமும் சரியாகத் தெரியாது. அதனால் பகல் 10 மணிக்கு மேல் போங்கள். மாலையை வாசல் பக்கம் கொண்டுவரச் சொல்லி, வெயில் நேராகப் படாத இடத்தில் வெள்ளைத்தாள்மேல் வைத்து மெல்ல உருட்டுங்கள். தாளோடு ஒப்பிட்டால் அடிநிறம் தெரியும். உருளும்போது மேலே வழுக்கிப் போகும் நிறம் மேற்சாயல். பிறகு காதுக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டிப் பிடித்துக் கண்ணாடியில் முத்தைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கருமை கூடித் தெரிந்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

மஞ்சள் கலந்த மாநிறத்துக்கு க்ரீம் அல்லது இளம்பொன் நன்றாக எடுக்கும். அரக்குப் பட்டுக்கும் தங்கக் கொக்கிக்கும் அதுவே சேரும். ஆனால் உங்கள் தோலைவிட ஓரிரு படி வெளுப்பாக இருக்கட்டும், அதே நிறமானால் மாலை கழுத்தோடு கரைந்துவிடும். இன்னும் கருத்த நிறத்தவர்களுக்கு வெள்ளிச் சாயல் வெள்ளையோ, மயில்கழுத்துப் பச்சை ஓடும் தாஹிதி கருமுத்தோ அபாரமாக இருக்கும். இளஞ்சிவப்புச் சாயல், சிவந்த தோலுக்கே அதிகம் ஒத்துப்போகும்.

நிறத்துக்கும் முன்னால் நீரோட்டத்தை, அதாவது முத்தின் பளபளப்பைப் பாருங்கள். டியூப்லைட்டின் பிம்பம் முத்தில் கூரான கோடாக விழ வேண்டும். பால் கலங்கியதுபோல் மங்கி விழுந்தால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அந்த மாலை வேண்டாம்.

பொன்முத்து என்று காட்டினால் லென்ஸ் கேட்டு வாங்கித் துளையைப் பாருங்கள். துளை ஓரத்தில் நிறம் திட்டாகத் தேங்கியிருந்தால் சாயமேற்றியது. இயற்கையான பொன்னிறம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் பொன்னுதட்டுச் சிப்பியில் விளைவது, விலை அதிகம். க்ரீம் நிறம் நன்னீர் முத்திலேயே கிடைக்கும். ‘ஹைதராபாத் முத்து’ என்று விற்பதும் பெரும்பாலும் சீன நன்னீர் முத்துதான். அங்கே துளையிட்டுக் கோக்கிறார்கள், அவ்வளவே.

விசேஷத்தன்று மஞ்சள், சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கடைசியாக மாலையைப் போடுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, காற்றாடக் காயவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.