ஒரு தொல்லையும் இல்லையே, எதற்கு டெஸ்ட்?

பெண்கள் நலப் பரிசோதனைகள் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு 36 வயது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. வெள்ளைப்படுதலும் இல்லை. ஆனாலும் பாப் ஸ்மியர் எடுக்கச் சொல்கிறார்கள். வலிக்குமோ என்ற பயத்திலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். இது அவசியமா, டாக்டர்?

பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து, புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. தொல்லை ஒன்றும் இல்லாதபோது எடுப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனையே. உடலுறவில் பரவும் ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றி, போகாமல் தங்கி, கருப்பை வாயில் உள்ள செல்களை மாற்றிப் புற்றுநோயாக்குவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, ரத்தம் வராது. அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் மாறிப்போன பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

சரி, வலிக்கு வருவோம். முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். வாத்தின் அலகு போல இருக்கும் ஸ்பெகுலத்தை உள்ளே வைத்து மெதுவாக விரிப்பார்கள். கருப்பை வாய் தெரிந்ததும் ஒரு சின்ன பிரஷ்ஷைச் சுழற்றிச் செல்களை எடுப்பார்கள். லேசாகச் சுரண்டுவது போல இருக்கும், ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டால்தான் வலி கூடும். இடுப்பைப் படுக்கையில் நன்றாகப் பதித்து, வாயைத் திறந்து மூச்சை விடுங்கள். கருவி உறுத்தினால் "சின்ன சைஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும்.

மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம். டெஸ்ட்டுக்கு முந்தைய 2 நாட்கள் உடலுறவு, பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது எதுவும் கூடாது. முடியை மழித்துவிட்டு வரவேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தேவையே இல்லை.

பாப் ஸ்மியர் மட்டும் என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது வழக்கம். ஹெச்.பி.வி. டெஸ்ட் வசதி இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். அது செல்கள் மாறுவதற்கு முன்பே வைரஸைக் காட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் அதை 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஸ்பெகுலம் என்றாலே நடுங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்த டெஸ்ட்டுக்கான மாதிரியைக் குச்சியில் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் "ஹெச்.பி.வி. பாசிட்டிவ், அஸ்கஸ்" என்று வந்திருக்கிறது. எனக்குக் கேன்சரா? கணவரிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. தூக்கமே போய்விட்டது.

கேன்சர் என்று அதில் எழுதியில்லை. 'அஸ்கஸ்' என்றால் சில செல்கள் வழக்கம்போல இல்லை, ஆனால் எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். கூடவே வைரஸும் இருப்பதால் அடுத்தது கால்போஸ்கோப்பி. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்து, லென்ஸ் வழியாகப் பார்ப்பார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறிய செல்கள் இருக்கும் இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து துளியளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு அதற்குப் பிறகுதான்.

கணவர் விஷயம். உடலுறவு கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் எப்போதாவது இந்த வைரஸ் வந்து போகும். அநேகமாக 2 ஆண்டுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குப் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்துவிட்டும் தலைகாட்டும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று இந்த ரிப்போர்ட் சொல்லாது. இதை வைத்து வீட்டில் விசாரணை நடத்தாதீர்கள். கால்போஸ்கோப்பிக்கு நாள் குறித்துவிட்டுத் தூங்கப் பாருங்கள்.

மகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டாகிவிட்டது. இனி அவளுக்கு டெஸ்ட் வேண்டாம்தானே?

வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 ஆகிய வகைகளைத் தடுப்பூசி தடுக்கிறது. மீதி இருக்கிறதே! உரிய வயது வந்ததும் அவளும் பரிசோதனைக்குப் போகட்டும்.

ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் பாப் ஸ்மியர் எதற்கு?

கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். எடுத்திருந்து, முன்பு செல் மாற்றமோ புற்றுநோயோ இருந்ததில்லை என்றால் தேவையில்லை. வாயை விட்டுவைத்திருந்தால் எல்லோரையும் போல உங்களுக்கும் உண்டு.

41 வயது. முழு உடல் பரிசோதனையில் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை அளவு கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது. சினைப்பைப் புற்றுநோய் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஒரு தொல்லையும் இல்லாதவருக்கு இந்த டெஸ்ட்டைப் பேக்கேஜில் சேர்ப்பதே எனக்குப் பிடிக்காது. மாதவிலக்கு, கர்ப்பம், ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) என்று எதற்கும் அது ஏறும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. இந்த ரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. ஆனால் நம்பர் வந்துவிட்டது, விட முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஒரு ஸ்கேன் பாருங்கள். மறுபடி ரத்தம் கொடுப்பதென்றால் மாதவிலக்கு இல்லாத நாளில் கொடுங்கள். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் என்று சில வாரங்களாக இருக்கிறது என்றால் அதை முதலில் சொல்லுங்கள். எனக்கு அந்த நம்பரைவிட அதுதான் முக்கியம்.

58 வயது. மாதவிலக்கு நின்று 6 ஆண்டாகிறது. போன வாரம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. சென்ற ஆண்டு பாப் ஸ்மியர் நார்மல். அடுத்த முறை வருகிறதா என்று பார்க்கட்டுமா?

பார்க்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். பாப் ஸ்மியர் கருப்பை வாயைப் பார்க்கும் டெஸ்ட். உங்களுக்கு ரத்தம் கருப்பையின் உள்சுவரிலிருந்து வந்திருக்கலாம், அதற்குப் பாப் ஸ்மியர் பதில் சொல்லாது. பெரும்பாலும் ஹார்மோன் குறைந்து தோல் மெலிந்ததுதான் காரணமாக இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதேதான். பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து உள்சுவரின் தடிமனை அளப்பார்கள். 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் நிம்மதி. கூடுதலாக இருந்தாலோ, திரும்பவும் ரத்தம் பட்டாலோ மெல்லிய குழாயை விட்டுத் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். போகும்போது எந்தத் தேதி, எத்தனை நாள், கறை மட்டும் பட்டதா, நாப்கின் வைக்க வேண்டி வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள், முக்கியமாக ஹார்மோன் மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்ஸிஃபென் இருந்தால்.