பொது சார்ஜிங் ஸ்டேஷனில் 80% ஆனதும் காரை எடுத்துவிட வேண்டுமா? பின்னால் நிற்பவர் கேட்டால் என்ன செய்வது?

பின்னால் ஒருவர் காத்திருந்தால் எடுத்துவிடுங்கள். காசு கொடுத்துத்தானே போடுகிறேன், 100 வரை போட்டால் என்ன என்று கேட்பவர்களை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். போடலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கடைசி 20 சதவீதத்துக்கு ஆகிற நேரம் முழுக்க அடுத்தவருடைய நேரம்.

பேட்டரி நிரம்ப நிரம்ப, அது கெட்டுப்போகாமல் இருக்கக் காரே மின்சாரம் இழுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. 10-லிருந்து 80 வரை ஒரு மணி நேரத்துக்குள் ஏறுகிற கார், மிச்சத்துக்கு அரை மணி, சில கார்களில் அதற்கு மேலும் இழுக்கும். மெஷின் ஸ்கிரீனில் கிலோவாட் எண்ணை (சார்ஜ் ஏறும் வேகம்) பார்த்தாலே தெரியும், பேட்டரி 95 சதவீதத்தைத் தாண்டினால் அது படுத்துவிடும். இதில் இன்னொரு கொடுமை, இரண்டு கன் (காரில் மாட்டுகிற சார்ஜிங் பிளக்) உள்ள 60 கிலோவாட் மெஷின்கள் பலவற்றில் இரண்டு கார் மாட்டினால் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும். நீங்கள் 6 கிலோவாட்டில் சும்மா மாட்டி வைத்திருந்தாலும் பக்கத்துக் காருக்கு 30-க்கு மேல் போகாது.

போன ஓணம் லீவில் வாளையார் தாண்டி ஒரு ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்கிறேன். குருவாயூர் போய்த் திரும்பிய கார் ஒன்று 92-ல் நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை. காரைத் திறந்தால்தான் கன் கழன்று வரும், வெளியே இருந்து இழுத்தால் வராது. காத்திருந்த பாலக்காட்டு டாக்ஸி டிரைவருக்கு ஏர்போர்ட் சவாரி, கோபத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் மேல் கை வைத்துவிட்டார். அதை அழுத்தினால் மெஷினே நின்றுவிடும், அந்தப் பக்கம் போட்டிருந்த குடும்பமும் மாட்டிக்கொள்ளும் என்று நாங்கள்தான் தடுத்தோம். டீக்கடை சேச்சி கைகாட்டிய ஹோட்டலில் இருந்து கார்க்காரரைக் கூட்டி வந்தோம். டிரைவர் சத்தம் போடவில்லை. "சாரே, கோயமுத்தூருக்கு இங்கேருந்து முப்பது கிலோமீட்டர்தானே, 92 போதாதா?" என்றார். கார்க்காரர் ஒன்றும் பேசாமல் கன்னைக் கழற்றினார், அஞ்சு நிமிஷத்தில் இடம் காலி.

எனக்கு அதில் பட்டது, கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "எவ்வளவு நேரமா போட்டிருக்கீங்க" என்று ஆரம்பித்தால் சண்டை, "எங்கே போறீங்க, எவ்வளவு வேணும்" என்று கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். மலை ஏறப் போகிறார், வழியில் சார்ஜருக்கு உத்தரவாதம் இல்லை என்றால் அவர் 95 வரை போடட்டும், அதில் நியாயம் இருக்கிறது. சாப்பிடப் போகிறவர்கள் போன் நம்பரையும் திரும்பி வரும் நேரத்தையும் சீட்டில் எழுதி கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போங்கள். இங்கே மலையாளம் மட்டும் படிப்பவர், தமிழ் மட்டும் படிப்பவர் இரண்டு பேரும் வருவார்கள், அதனால் 2.40 என்று எண்ணாகவே எழுதுங்கள். அப்புறம், சார்ஜர் முன்னால் பெட்ரோல் கார் நின்றால் ஹாரன் அடிக்காமல் பக்கத்துக் கடையில் கேளுங்கள், ஓனர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

பகல் 9 முதல் 4 வரை கட்டணம் குறைவு என்பதால் (மத்திய அரசின் 2024 வழிகாட்டுதலே சூரிய ஒளி நேரத்துக்குக் குறைத்து வைக்கச் சொல்கிறது) மதியம்தான் கூட்டம். வீட்டில் 15 ஆம்பியர் பிளக் உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் ஓணம், சபரிமலை சீசன் நாட்களிலாவது ராத்திரி வீட்டிலேயே போட்டுக்கொண்டு, ஹைவே மெஷினைத் தூரத்துக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.